காப்பர் ஜாக்கலின் தூதன்

டேரல் ப்ரூயிட்டும் லானி ஸாபோவும் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு பாம்புத்தோல் கால்சட்டை.

அப்போது எங்கள் காப்பர் ஜாக்கல் ராக் குழுவுக்கு ஐந்து வயது. ஓஹையோவில், டொலீடோ நகரின் கிழக்குக் கரையில், லானியின் மாமா வைத்திருந்த டயர் கிடங்கில் தொடங்கிய குழு. டேரல் பாடுவான். லானி கிட்டார். டிரம்ஸ் மெர்ல் ஹாட்ச். பெரிய உருவம், வாயைத் திறப்பது சாப்பிட மட்டும். நான் கஸ் நொவிட்ஸ்கி, பேஸ் கிட்டார். பேஸ் வாசிப்பவனை யாரும் கவனிப்பதில்லை. எங்கள் முதல் ஆல்பத்தின் அட்டைப் படத்தில் என் இடது தோள் மட்டும்தான் இருக்கிறது.

1981 ஏப்ரலில் ஃபோர்ட் வேன் நகரில் ஒரு பெரிய குழுவின் கச்சேரிக்கு முன்னோட்டமாக வாசிக்க வாய்ப்புக் கிடைத்தது. இரண்டாயிரம் பேர் வருவார்கள் என்று டேரல் அந்தக் கால்சட்டையை வாங்கியிருந்தான். மதியம் துணி துவைக்கப் போன லானி அதையும் சேர்த்து உலர்த்தும் மெஷினில் போட்டுவிட்டான். வெளியே எடுத்தபோது பத்து வயதுப் பையனுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. டேரல் பிடிவாதக்காரன். அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, நானும் மெர்லும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, அதற்குள் திணித்தோம். இரண்டாவது பாட்டில் அவன் வழக்கம்போல எம்பிக் குதித்துக் கால்களை விரித்தான். பின்பக்கம் தொடங்கி முன்பக்கம் வரை டர்ரென்று கிழிந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. லானி மைக்கில் வாயை வைத்துச் சிரித்துவிட்டான். இரண்டாயிரம் பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"வேணும்னே பண்ணினான்," என்றான் டேரல், இடுப்பில் துண்டோடு. "இனிமே அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா நான் ப்ரூயிட்டே இல்ல."

"ரொம்ப நல்லது. என் காது பொழைச்சுது," என்றான் லானி, அடுத்த அறையிலிருந்து.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பதினெட்டு வருஷம் ஆயிற்று. தனித்தனி வண்டி, தனித்தனி அறை. ரெக்கார்டிங்கில் லானி காலையில் வந்து வாசித்துவிட்டுப் போவான், டேரல் மதியம் வந்து பாடுவான். மேடையில் மட்டும் ஐந்தடி தூரத்தில் நின்று, ஊர் கண்ணுக்கு அண்ணன் தம்பி போலத் தலையை ஆட்டிக்கொள்வார்கள். நடுவில் ஓட ஓர் ஆள் வேண்டுமே. மெர்ல் பேச மாட்டான். ஆகவே நான்.

"கஸ், அந்தப் பன்னிகிட்ட போய்ச் சொல்லு," என்பான் லானி. "மூணாவது பாட்டுல அவன் குரல் துருப்பிடிச்ச கராஜ் கதவு மாதிரி கிறீச்சிடுதுன்னு."

முதல் மாதம் கேட்டதை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னேன். டேரல் நாற்காலியைத் தூக்கி எறிந்தான். அது என் முழங்காலில் வந்து விழுந்தது.

"டேய், சொன்னது நானில்லடா!"

"கைக்கு எட்டுறது நீதானே," என்றான் டேரல்.

நொண்டிக்கொண்டே திரும்பி வரும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மறுநாளும் லானி அதையே, இன்னும் இரண்டு கெட்ட வார்த்தை சேர்த்துச் சொல்லி அனுப்பினான். நான் டேரலிடம் போய், "மூணாவது பாட்டை அரை சுதி இறக்கிப் பாடினா உன் குரலோட கனம் இன்னும் நல்லாத் தெரியும்னு லானி சொல்றான்," என்றேன்.

டேரல் கண்ணை இடுக்கினான். "அவனா சொன்னான்?"

"அவனேதான்."

"ஹூம். அந்த மண்டூகத்துக்கும் காதுன்னு ஒண்ணு இருக்கு போல. சரின்னு சொல்லு."

லானியிடம் வந்து, "டேரல் ஒத்துக்கிட்டான். உனக்கு நல்ல காதுன்னான்," என்றேன். லானி அன்று மாலை முழுக்கக் காதைத் தடவிக்கொண்டே இருந்தான்.

அதிலிருந்து குழு உருப்பட்டது. இரண்டாவது ஆல்பம் ஓஹையோ, மிஷிகன் வானொலிகளில் ஓடியது. மூன்றாவது சிகாகோ வரை போனது. "உங்க ஒற்றுமையின் ரகசியம் என்ன?" என்று ஒரு பத்திரிகைக்காரி கேட்டாள். இருவரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்தபடி, "பரஸ்பர மரியாதை," என்றார்கள். மெர்லுக்குப் புரையேறிவிட்டது.

நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். சில வாரம் இருவரும் தூங்கி வழிவார்கள். அப்போது கொஞ்சம் காரம் சேர்ப்பேன். "நீ தனியா வாசிக்கிற ஸோலோ வரும்போது டேரல் கொட்டாவி விடுறான்," என்று ஒரு வரி போதும். அன்றைக்கு லானியின் கிட்டாரில் புகை வரும். வெறும் குஷிக்காகச் செய்ததும் உண்டு. டேரல் வைத்திருப்பது டோப்பா முடி என்று லானி சந்தேகப்படுவதாக ஒருமுறை டேரலிடமே சொன்னேன். ஒரு வாரம் முழுக்க டேரல் எதிரில் வந்தவர்களிடமெல்லாம் தலையைக் குனிந்து, "இழுத்துப் பாரு, நல்லா இழு," என்று நீட்டிக்கொண்டிருந்தான். கிளீவ்லாந்தில் ஒரு போலீஸ்காரர் நிஜமாகவே இழுத்துப் பார்த்தார்.

என் வேலையில் உச்சம் 1986. அந்தப் பிப்ரவரியில் கல்யாண நாளை மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பர் எடுக்க வெறும் காலுறையோடு வாசலுக்குப் போனவனை வெளியே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டாள் என் மனைவி பெர்னடெட். முழங்கால் பனி. நாற்பது நிமிஷம் கெஞ்சினேன். கெஞ்சியது எப்படியோ மெட்டாக வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டதால் திறந்தாள். கால் சூடேறியதும் உட்கார்ந்து எழுதிவிட்டேன்: 'கதவைத் திற, பெர்னடெட்.'

மெதுவான பாட்டு. எங்களுடையதோ காதைக் கிழிக்கிற கூட்டம். நேராகக் கேட்டால் இருவருமே என்னைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள். அதனால் லானியிடம், "இந்தப் பாட்டுல மெதுவா ஒரு ஸோலோ வேணும். ஆனா மெதுவா வாசிக்கிறது உன்னால ஆகாது, வேகமா விரலை ஆட்டத்தான் தெரியும்னு டேரல் சொல்றான்," என்றேன். டேரலிடம், "இதைப் பாட மனசு வேணும், உன்கிட்ட இருக்கறது தொண்டை மட்டும்தான்னு லானி சொல்றான்," என்றேன்.

மறுநாள் காலை லானி வந்து வாசித்ததைக் கேட்டு ஸ்டூடியோக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதியம் டேரல் அழுதுகொண்டே பாடினான். பொய்யழுகை இல்லை. வெளியே வந்து, "இப்ப என்ன சொல்றானாம்?" என்றான்.

"ஒண்ணும் சொல்லல. வாயடைச்சுப் போயிட்டான்."

"அப்படிச் சொல்லு!"

அந்தக் கோடையில் நாட்டில் பாதிக் கல்யாணங்களில் அந்தப் பாட்டுதான். பனியில் காலுறையோடு நிற்கிற ஒருவனின் புலம்பலுக்கு மணமக்கள் கட்டிப்பிடித்து ஆடினார்கள். பதினைந்தாயிரம் பேர் உட்காரும் அரங்குகளில் வாசித்தோம். பெர்னடெட்டைக் கடைகளில் நிறுத்திக் கையெழுத்துக் கேட்டார்கள். "அந்த ஆளுக்கு ஏம்மா அவ்வளவு நேரம் கதவைத் திறக்கல?" என்று ஒரு கிழவர் அவளோடு சண்டையே போட்டார்.

பிறகு சியாட்டில் பக்கத்திலிருந்து கட்டம்போட்ட சட்டைக்காரர்கள் புது மாதிரி இசையோடு வந்தார்கள். எங்களைப் போலத் தலைமுடியை ஊதிவிட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே வருஷத்தில் பழசாகிவிட்டோம். அரங்குகள் தியேட்டர்களாயின, தியேட்டர்கள் பார்களாயின. கடைசியில் மாவட்டக் கண்காட்சிகள். மக்காச்சோளம், டிராக்டர் பந்தயம், நடுவில் காப்பர் ஜாக்கல்.

1999 ஆகஸ்டில் அப்படி ஒரு கண்காட்சி. பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் முறை. பன்றிப் போட்டி நடக்கும் கொட்டகைக்குப் பின்னால் எங்களுக்கென்று ஒரு டிரெய்லர் நிறுத்தியிருந்தார்கள். ஒன்றே ஒன்று. அதோடு அன்று காலைதான் எனக்குக் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியிருந்தார்கள். கன்னம் பூசணிக்காய், வாய் நிறையப் பஞ்சு.

பேட்டிக்கு இல்லாமல் இருவரும் ஒரே அறையில் இருப்பது பதினெட்டு வருஷத்தில் இதுதான் முதல்முறை. லானி ஒரு மூலை, டேரல் ஒரு மூலை. மெர்ல் நடுவில் உட்கார்ந்து குச்சியில் பொரித்த கார்ன் டாக் தின்றுகொண்டிருந்தான்.

"கஸ்," என்றான் லானி, கூரையைப் பார்த்து. "அவன்கிட்ட சொல்லு. இன்னைக்கு வெயில் கொளுத்துது. அந்த பெர்னடெட் எழவை ஒரு நாளைக்காவது விட்டுத் தொலைக்கலாம். பதிமூணு வருஷமா அவனுக்காக வாசிச்சு எனக்குக் குடலைப் பிரட்டுது."

நான் கையை ஆட்டினேன். "ம்ம்! ம்ம்ம்!"

டேரல் மெதுவாக எழுந்தான். "எனக்காகவா?" என்றான். சத்தியத்தை மறந்து நேராக லானியிடமே கேட்டுவிட்டான். "உனக்கு மூக்குடைக்கத்தானேடா நான் அதைப் பாடினேன்! எனக்கு மனசில்ல, தொண்டைதான் இருக்குன்னு சொன்னவன் நீதானே?"

"நானா? எப்போ சொன்னேன்? எனக்கு மெதுவா வாசிக்க வராதுன்னு நீதானே சொன்னே?"

"உன் விரலைப் பத்தி நான் ஜென்மத்துல பேசினதில்ல!"

"அப்போ என் காதைப் பாராட்டினது?"

"யாரு, நானா?"

 இருவரும் சேர்ந்து, ஒரே தாளத்தில், என் பக்கம் திரும்பினார்கள். கதவுக்கு முன்னால் மெர்ல் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொண்டான். தின்பதை நிறுத்தவில்லை.

ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். டோப்பா? தலையை ஆட்டினேன். கொட்டாவி? ஆட்டினேன். லானியின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு டேரல் பெயரில் வந்த செர்ரி 'பை' பலகாரம்? அதற்கும் ஆட்டினேன், அது பெர்னடெட் சுட்டது.

லானியின் முகம் திடீரென்று மாறியது. "எங்கம்மா போனப்போ," என்றான். "'உங்கம்மா செஞ்ச கோழிக் குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான், அவங்க பாதி எனக்கும் அம்மா'ன்னு டேரல் சொல்லி அனுப்பினதா வந்து சொன்னியே. அதுவும் உன் சரக்கா?"

நான் பஞ்சைத் துப்பிவிட்டுப் பதில் சொல்லப் பார்த்தேன். அதற்குள் டேரல், "இல்ல," என்றான். தரையைப் பார்த்துச் சொன்னான். "அது நான் சொன்னது. ஒரு எழுத்து மாறல."

லானி தலையாட்டினான்.  வெளியே ஒலிபெருக்கியில் வென்ற பன்றியின் எடையை அறிவித்தார்கள்.

"அந்தக் கால்சட்டை," என்றான் டேரல்.

"சத்தியமா தெரியாம போட்டேன்டா. ஆனா சிரிச்சது வேணும்னுதான்."

டேரல் சிரிக்க ஆரம்பித்தான். லானியும். இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு மூலையில் போய்க் குசுகுசுத்தார்கள். நான் கதவைப் பார்த்தேன், மெர்ல் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

மேடையில் ஐந்தாவது பாட்டு முடிந்ததும் டேரல் மைக்கைப் பிடித்தான். "மக்களே, அடுத்து வர்ற பாட்டை எழுதினவரே உங்களுக்காகப் பாடப்போறார். ரொம்ப நாளா ஆசைப்பட்டுக்கிட்டிருக்கார்." என்னைத் தள்ளிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினார்கள். லானி தொடங்கிவிட்டான். நாலாயிரம் பேர். நான் வாழ்க்கையில் பாடியதில்லை. வாய் மரத்துப்போயிருந்தது. 'கதவைத் திற' என்பது 'கழவைழ் ழிழ' என்று வந்தது. எச்சில் மைக்கில் தெறித்தது. முன்வரிசையில் பெர்னடெட் எலுமிச்சைச் சாற்றை மேலெல்லாம் கொட்டிக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது சரணத்தில் என் பரிதாபம் தாங்காமல் கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடியது. லானியின் ஸோலோ வந்தபோது டேரல் அவன் பக்கத்தில் போய் நின்று, எல்லோரும் பார்க்க, வாய் கொள்ளாமல் ஒரு கொட்டாவி விட்டான்.

சுபமாக முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் இப்போது அவர்கள் நேராகப் பேசினார்கள். காலை, மதியம், மாலை. பாட்டு வரிசைக்குச் சண்டை, வண்டியில் ஜன்னல் திறப்பதற்குச் சண்டை, முட்டைக்குக் கெச்சப் ஊற்றலாமா என்பதற்கு ஒரு பெரிய சண்டை. ஏழே வாரத்தில் காப்பர் ஜாக்கல் கலைந்தது.

கடைசி நாள் சாமான்களை ஏற்றும்போது மெர்லிடம் புலம்பினேன். "பொய் சொல்லிப் பதினெட்டு வருஷம் காப்பாத்தினேன் மெர்ல். உண்மை ஏழு வாரம்கூடத் தாங்கல."

மெர்ல் டிரம்மைக் கீழே வைத்தான். "என்கிட்டயும் ரெண்டு பேரும் சொல்லி அனுப்பினாங்க," என்றான். "எண்பத்தொண்ணுல. மன்னிப்புக் கேட்டு."

"என்னது? நீ போய்ச் சொல்லலியா?"

"எனக்குப் பேசப் பிடிக்காது," என்றான் மெர்ல், டிரம்மைத் தூக்கிக்கொண்டு.

டேரல் இப்போது போர்ட் கிளிண்டனில் படகு விற்கிறான். அவனிடம் முதல் படகு வாங்கியவன் லானி. குழு போன பிறகு இருவருக்கும் சண்டை போட எதுவும் மிஞ்சவில்லை. சனிக்கிழமைதோறும் ஏரியில் மீன் பிடிக்கப் போகிறார்கள். போன மாதம் என்னையும் கூப்பிட்டார்கள். நாலு மணி நேரம் வாய் ஓயாமல் பேசினார்கள். நான் பின்னால் உட்கார்ந்து மீன் கழுவிக்கொடுத்தேன்.