டாக்டரின் மெஷின்

பதினோராவது முறையாகக் கயிற்றை இழுத்தாள். புல்வெட்டும் இயந்திரம் ஒருமுறை கனைத்துவிட்டு அடங்கியது. தோள்பட்டையில் சுருக்கென்றது. தொழிற்சாலையின் முன்பக்கப் புல் முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. பத்தொன்பது நாளாக யாரும் வெட்டவில்லை.

"என்னம்மா, இன்னும் கிளப்பலையா?" சூப்பர்வைசர் அலுவலகப் பக்கமிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். சட்டை புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை. "பத்து மணிக்கு வெளியிலேர்ந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. இப்பவே எட்டே கால். இந்தக் காட்டப் பாத்தா மானம் போயிடும்."

"இழுத்துக்கிட்டுதான் சார் இருக்கேன்."

"முடியலன்னா இப்பவே சொல்லிடு. வேற ஆளுக்குப் போன் போடுறேன். அப்புறம் நாளைக்கும் அவன்தான் வருவான், பாத்துக்க."

வேலையில் அவளுக்கு இதுதான் முதல் நாள். ஆறு வருடமாக அந்த இயந்திரத்தை ஓட்டியவன் அவள் கணவன். எந்த மெஷினானாலும் காதைச் சாய்த்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் என்பதால் எல்லோருக்கும் அவன் டாக்டர். பத்தொன்பது நாளுக்கு முன், அடைத்துக்கொண்ட ஈரப்புல்லை எடுக்கக் கையை உள்ளே விட்டான். வலது கையில் இப்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். வீட்டில் பலகை அறுக்கும்போது பட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னவர் சூப்பர்வைசர். அப்படியே சொன்னார்கள். அதற்குப் பதிலாக அவன் வேலை அவளுக்கு வந்தது. நேற்று சாயங்காலம் வீட்டுத் தரையில் சாக்கட்டியால் இயந்திரத்தை வரைந்து, எது எங்கே இருக்கிறதென்று இடது கையால் காட்டிக்கொடுத்திருந்தான்.

அவள் போனை எடுத்து அவனை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

"ஏங்க, உசுரே வர மாட்டேங்குது."

"பெட்ரோல்?"

"புதுசு. இப்பதான் ஊத்தினேன்."

"முதல்ல பிளக் வயரக் கழட்டு. அப்புறம்தான் மத்ததுல கை வைக்கணும். கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன்."

"நல்லாப் பாத்துச் சொல்லு. கழட்டிட்டியா?"

மூன்றாம் முறையும் கேட்டான். மூன்றாம் முறையும் சொன்னாள்.

ஸ்பேனரைப் போட்டு, இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் அந்தப் பிளக்கைத் திருகி எடுத்தாள். முனை கறுப்பாகக் கொழகொழவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தாள். "பெட்ரோல் இல்லீங்க. எண்ணெய்."

"ஏர் ஃபில்டர் மூடியத் திற."

உள்ளேயிருந்த பஞ்சு ஊறிக் கனத்திருந்தது. அழுத்தியதும் அவள் மணிக்கட்டு வரைக்கும் எண்ணெய் வழிந்தது. சொன்னாள்.

"மெஷின எந்தப் பக்கமாக் கவுத்தாங்க?"

"எப்ப?"

"அன்னைக்குத்தான். என் கைய வெளிய எடுக்கறதுக்கு. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. ஃபில்டர் அடியில வர்ற மாதிரி கவுத்திருக்காங்க. எண்ணெ பூரா அங்க எறங்கியிருக்கு."

அவள் நிமிர்ந்தாள். "சார், அன்னைக்கு எந்தப் பக்கம் கவுத்தீங்க?"

"என்னைக்கு?" என்றார் சூப்பர்வைசர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன்ல யாரு, அவனா? வைக்கச் சொல்லு முதல்ல."

"வச்சா மெஷின் ஓடாது சார்."

அவர் அலுவலக ஜன்னல்களைத் திரும்பிப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இடப்பக்கம். அவன் போட்ட சத்தத்துல எது எந்தப் பக்கம்னு யாருக்கும்மா யோசிக்கத் தோணும்?"

போனில் இருந்தவனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். "அப்ப அதேதான்," என்று மட்டும் சொன்னான்.

பஞ்சைக் கொஞ்சம் பெட்ரோல் விட்டு அலசி, துணிக்குள் வைத்துப் பிழிந்து வெயிலில் போட்டாள். பிளக் இல்லாமலே கயிற்றைப் பத்துத் தடவை இழுக்கச் சொன்னான். இழுக்க இழுக்க ஓட்டை வழியாக எண்ணெய் பீய்ச்சி அவள் சட்டையிலும் கழுத்திலும் தெறித்தது. பிளக்கைத் துடைத்துப் பொருத்தி, காய்ந்த பஞ்சையும் உள்ளே வைத்து மூடினாள். குறைந்திருந்த அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றினாள். சூப்பர்வைசர் இரண்டு அடிக்கு ஒருமுறை திரும்பி நடந்துகொண்டிருந்தார். ஒன்பதாக ஏழு நிமிடம்.

"கைப்பிடில ஒரு கம்பி சுத்தியிருக்கும். அத அவுத்துடு," என்றான் அவன்.

கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் பட்டை அது. விட்டால் இயந்திரம் நின்றுவிடும். நின்று நின்று நேரம் போகிறதென்று அதைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். அவள் முறுக்கைப் பிரித்தாள்.

"அத ஏம்மா அவுக்குற? தொட்டதுக்கெல்லாம் நிக்குமே!"

"நின்னா நிக்கட்டும் சார். முடிச்சுக் குடுத்துடறேன்."

அவர் போனைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி விலகி நின்றார்.

"இப்ப வயர மாட்டு. ஒரு கால அழுத்தி ஊணிக்க. இழு."

முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் கனைத்தது. மூன்றாவதில் உறுமிக்கொண்டு எழுந்து, வெள்ளைப் புகையாகக் கக்கியது. புகையில் சூப்பர்வைசரைக் காணவில்லை, இருமல்தான் கேட்டது. "தீ புடிச்சிடுச்சா? ஏம்மா, அணைச்சுத் தொலை!"

"அணைக்காத!" போனில் அவன் கத்தினான். "உள்ள போன எண்ணெ எரியுது, அவ்வளவுதான். பொறு." அவள் பட்டையை விடாமல் பிடித்திருந்தாள். புகை மெல்லிசாகி, நீலமாகி, இல்லாமல் போயிற்று. "ம். இப்ப ஒழுங்கா மூச்சு விடுது," என்றான். பிறகு, "காலப் பாத்து வை," என்றான். அவனாகவே போனை வைத்துவிட்டான்.

வரிசை வரிசையாக வெட்டினாள். அடைத்துக்கொண்டபோதெல்லாம் நிறுத்தி, வயரைக் கழற்றி, குச்சியால் தள்ளினாள். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டி நின்றார். பத்தாக எட்டு நிமிடம் இருக்கும்போது வாசலோரத்துக் கடைசித் துண்டு மட்டும் பாக்கி.

அங்கே புல்லுக்குள் குட்டையான இரண்டு இரும்புக் கால்களில் ஒரு பலகை நின்றது. அலுவலகப் பியூன் குந்தி உட்கார்ந்து அதன் தகர எண்களைக் கழற்றி வேறு எண்களை மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டியதைத் துணியால் துடைத்தார். அவளைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

"அந்தப் போர்டச் சுத்தி நல்லா வெட்டும்மா," சூப்பர்வைசர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அங்கதான் போட்டோ எடுப்பாங்க."

இயந்திரத்தை ஒட்டி ஒட்டிக் கொண்டுபோனாள். இரும்புக் கால்களை நெருங்கி அதற்கு மேல் போகவில்லை. அணைத்துவிட்டு மண்டியிட்டு, மிச்சப் புல்லைக் கையால் பிடுங்கினாள். பிடுங்கப் பிடுங்க, பச்சைப் பலகையில் மறைந்திருந்த வெள்ளை எழுத்துகள் ஒவ்வொரு வரியாக வெளியே வந்தன. இங்கே விபத்து எதுவும் நடக்காமல் கடந்த நாட்கள்: 500.

வாசலில் கார்கள் திரும்பும் சத்தம் கேட்டது. ஐந்து என்ற எண்ணின் காலடியில் இன்னும் ஒரு கற்றை புல் இருந்தது. அவள் அதையும் பிடுங்கினாள்.