எதிர்க்காற்று ஓட்டம்

வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். சித்தியின் மார்பில் பாய்ந்தேவிட்டது. அதுவும் குழுக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால், சிரித்துக்கொண்டே.

"இந்த வருஷம் பாதையைத் திருப்பிட்டோம்," என்றான் அக்கா மகன். ஊர் மாரத்தானுக்கு இப்போது அவன்தான் செயலாளர். "கலங்கரை விளக்கத்துல ஆரம்பிச்சு பழைய ஐஸ் பேக்டரி வாசல்ல முடியும். காத்து முதுகுல தள்ளும், டைம் பிரமாதமா வரும். ஷூ கம்பெனிக்காரங்களும் அதைத்தான் கேக்குறாங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். ஹோட்டல் சலவைக்கூடத்தில் விரிப்பு தேய்த்துத் தேய்த்தே அவனை ஆளாக்கிய சித்திக்கு மட்டும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அந்த ஓட்டம் ஒன்றும் தொப்பை கரைக்க ஆரம்பித்ததில்லை. ஐஸ் பேக்டரியில் அமோனியாக் குழாய் வெடித்த காலையில், பின்னாலிருந்த குடியிருப்பே அலறியடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தது. காற்று கலங்கரை விளக்கப் பக்கமிருந்து அடித்தது. அதை எதிர்த்து ஓடுவது சுவரை முட்டுகிற மாதிரி. முட்டிக்கொண்டு ஓடியவர்கள் பிழைத்தார்கள். காற்றோடு சுலபமாக ஓடியவர்களைப் புகை துரத்திப் பிடித்தது. அக்கா காற்றோடு ஓடினாள். அவள் குழந்தை அந்த நேரம் காற்றை எதிர்த்து ஓடிய தங்கையின் இடுப்பில் இருந்தது, அதனால் பிழைத்தது.

மறுவருஷம் அதே நாளில் பிழைத்தவர்கள் பேக்டரி வாசலில் கூடி, கலங்கரை விளக்கம் வரை மறுபடி ஓடினார்கள். குழாயை மாற்றாத முதலாளியின் காதில் விழட்டும் என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். பிறகு ஊர் சேர்ந்தது, பனியன் வந்தது, பதக்கம் வந்தது. போகட்டும், ஓடுகிற பக்கமாவது சரியாக இருந்தது.

சித்தி எழுந்தாள். "உங்கம்மா உயிர் எந்தப் பக்கம் ஓடினதுல போச்சுன்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியும் சித்தி. அதுக்குத்தான் முதல்ல மௌன அஞ்சலி வெச்சிருக்கோம். நீங்கதான் கொடியசைக்கிறீங்க."

"உன் கொடியை நீயே கட்டிக்கிட்டு அழு!"

பொருளாளர் குறுக்கே புகுந்தார். "பழசையே பேசிட்டிருந்தா ஊர் முன்னேறுமாம்மா?"

"தாராளமா முன்னேறுங்க, யார் வேண்டாம்னா? விஷம் போன பக்கமாவா முன்னேறணும்?"

அக்கா மகன் அடுத்த விஷயத்துக்குப் போனான், தண்ணீர் பாட்டில் எத்தனை என்று. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்கே பழைய குடியிருப்புக்காரர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

மாரத்தான் அன்று அவர்கள் பேக்டரி வாசலில் நின்றார்கள். முட்டி தேய்ந்தவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், காசநோய்க்காரர்போல் இருமுகிற ஒரு பழைய வெல்டர். பனியன் போட்ட தொண்டர் பதறினார்.

"அம்மா, இது முடியுற இடம்!"

"உங்களுக்கு. தள்ளுப்பா."

ரிப்பனை அவள் கையாலேயே அறுத்தாள். ஓடினார்கள். காற்று முகத்தில் அறைந்தது. கடற்கரைச் சாலையின் நடுவில் எதிரே பெருங்கூட்டம் வந்தது, முன்வரிசையில் அவன். சித்தியைப் பார்த்ததும் அவன் கால் நின்றுபோனது. பின்னால் வந்தவர்கள் அவனை இடித்துத் திட்டிக்கொண்டே விலகிப் போனார்கள். அவள் நிற்கவில்லை. மூச்சு வாங்க, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவனைத் தாண்டினாள்.

"சித்தி, மெதுவா! விழுந்துடப் போறீங்க!"

அவள் திரும்பாமலே கத்தினாள்.

"அன்னிக்கு நான் மெதுவாப் போயிருந்தா, இன்னிக்கு இதைச் சொல்ல நீ இருந்திருக்க மாட்டேடா!"