தட்டின் மறுபாதி

எவரிஸ்தோ பறங்கிக்காயை முழுசாகத் தணலுக்குள் புதைத்தபோது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நெஸ்தோர் சிரிக்கவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். எவரிஸ்தோ தும்மினால்கூடக் கிண்டலடிப்பவர். அவர் சும்மா இருந்ததுதான் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு மாட்டுக்கறிப் புகைதான். எவரிஸ்தோ சுடும் விலாக்கறிக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வரும். அப்படிப்பட்டவரின் மகள் ஹிமேனா, போன வசந்தத்தில் இதே மேஜையில் உட்கார்ந்து, இனிமேல் மாட்டுக்கறி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தலைநகர் புவனோஸ் ஐரிஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. பசுக்களின் முதுகில் பை கட்டி, அவை விடும் ஏப்பத்தைப் பிடித்து அளப்பார்கள். அந்த வாயுவாலும்தான் பூமி சூடேறுகிறது என்றாள். மாட்டின் ஏப்பத்துக்காகவா பெற்ற மகள் தன் கைச்சமையலைத் தள்ளிவைக்கிறாள்? எவரிஸ்தோ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அதன்பிறகு அவள் போனில் பேசியதெல்லாம் அம்மாவிடம் மட்டும்தான்.

அந்தக் கோடையில் மழை பொய்த்தது. சேறு மட்டும் மிஞ்சிய குட்டையில் தண்ணீர் தேடி இறங்கிய நெஸ்தோரின் பசுக்கள் சிக்கிக்கொண்டன. இருவரும் கயிறு கட்டி நாள் முழுக்க இழுத்தார்கள். ஒன்றே ஒன்று கரையேறியது. ஏறியதும் படுத்தது, எழவில்லை. வீடு திரும்பிய எவரிஸ்தோ, கைச்சேற்றைக்கூடக் கழுவாமல் மகளைக் கூப்பிட்டார்.

"நான் கறி தின்னதாலயா நெஸ்தோர் மாடு செத்துச்சு?"

"நீங்க ஒருத்தர் தின்னதால இல்லப்பா. உலகத்துல எல்லாருமா சேர்ந்து பண்ணது, அதுல கறியும் ஒண்ணு. நானும்தானே இத்தனை வருஷம் தின்னேன்."

ஞாயிற்றுக்கிழமை வா என்றார்.

இன்று வந்திருக்கிறாள். கம்பி அடுப்பின் ஒரு பக்கம் விலாக்கறி, வழக்கத்தில் பாதி. மறுபக்கம் கத்தரிக்காயும் குடைமிளகாயும். பறங்கிக்காய்க்குள் சோளமும் பாலாடைக்கட்டியும் அடைத்திருந்தார்.

நெஸ்தோர் கடைசியில் வாய் திறந்தார். "ஏம்மா, ஊரெல்லாம் இப்படிக் காய் சுட ஆரம்பிச்சா, மாடு வளக்குறவன் எங்க போவான்?"

ஹிமேனா தலை குனிந்தாள். "அதுக்கு எங்கிட்ட முழுசா பதில் இல்ல மாமா. உங்களை விட்டுட்டுப் பதில் தேடக் கூடாதுன்னு மட்டும் தெரியும்."

எவரிஸ்தோ சாம்பலைத் தட்டிவிட்டுப் பறங்கிக்காயைப் பிளந்தார். உருகிய பாலாடைக்கட்டியும் ஆவியும் ஒன்றாக வழிந்தன. ஹிமேனா விரல் சுடச் சுட ஒரு வாய் எடுத்துத் தின்றாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாதி வருஷமா மககிட்டப் பேசாம இருந்துட்டு, இதைச் சுட எப்படா கத்துக்கிட்ட?" என்றார் நெஸ்தோர்.

"மூணு காயைக் கரியாக்கினேன். உன் பன்னிதான் தின்னுச்சு."

நெஸ்தோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு விலா எலும்பை வாங்கித் தட்டில் ஓரமாக ஒதுக்கினார். பிறகு காலியாக இருந்த மறுபாதியைப் பறங்கிக்காய்க்காக ஹிமேனாவிடம் நீட்டினார்.