சட்டையைக் கழட்டுங்க

சபரிநாதன் தன் தொழிலில் அதுவரை பயந்தது நாய்களுக்கு மட்டும்தான். விருதுநகரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அவருடைய துப்பறியும் ஆபீஸ் இருந்தது. வருவதெல்லாம் கல்யாண விசாரிப்புகள். மாப்பிள்ளை குடிப்பாரா, வேறெங்கும் தொடுப்பு உண்டா என்று தெருத்தெருவாய் விசாரித்துச் சொல்லுவார். பெண்ணைப் பெற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுப் போவார்கள்.

சிவகாசி பட்டாசு முதலாளி ரத்தினசாமி கொண்டுவந்த வேலை வேறு மாதிரி. அவருடைய கம்பெனி லேபிளை ஒட்டி யாரோ போலிச் சரக்கு செய்து விற்கிறார்கள். அதைக் கொளுத்திய ஒரு குழந்தைக்குக் கை வெந்துபோனது.

"எங்கன செய்றாகன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. படம் இருந்தா நல்லது. மத்ததைப் போலீஸ் பாத்துக்கிடும்" என்றார்.

தீபாவளிச் சீட்டுக்கு மொத்தமாகப் பட்டாசு வாங்குபவர் என்று சொல்லிக்கொண்டு சபரிநாதன் அந்தப் போலிச் சரக்கு செய்யும் ஆளைப் பிடித்தார். விஸ்வநத்தம் தாண்டி, சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஒரு தகரக் கொட்டகை. லைசென்ஸ் கிடையாது. அதை நடத்தும் மாரிசாமி வாசலிலேயே கையை நீட்டினான்.

"செல்லைக் கொடுங்க அண்ணாச்சி. உள்ள ஆகாது."

செல்லைக் கொடுத்தார். சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கொடுக்கவில்லை. அதற்குள் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வியாபாரி மாதிரி தெரியட்டும் என்று வாங்கிய பளபளப்பான புதுச் சட்டை அது.

செருப்பை விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். நாலு பெண்கள் தரையில் உட்கார்ந்து வெடிமருந்து பிசைந்துகொண்டிருந்தார்கள். முழங்கை வரைக்கும் வெள்ளிப் பொடி. ஒருத்தி நிமிர்ந்து அவர் நெஞ்சையே பார்த்தாள்.

"அண்ணாச்சி, சட்டையைக் கழட்டுங்க."

மற்ற மூன்று பேரின் கைகளும் நின்றுவிட்டன. பேனாவைக் கண்டுகொண்டாள் என்று சபரிநாதன் நினைத்தார். வாசலை அடைத்துக்கொண்டு மாரிசாமி நின்றான். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"வேண்டாம், இங்கன கழட்டாதீக. கையைக் கீழ விடுங்க. அசையாதீக."

"என்ன மாடத்தி?" என்றான் மாரிசாமி.

அவள் மெதுவாக எழுந்து, அவர் முன்னால் வந்து நின்று, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: "அப்படியே பின்னால ஒவ்வொரு எட்டா வைங்க."

வெளியே இருந்த வேப்பமரத்தடி வரை அப்படியே நடத்திக்கொண்டு போனாள்.

"பாலியஸ்டர் துணி. உரசினா பொறி வரும். என் கொழுந்தன் அப்படித்தான் போனான், கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைக் காட்டுறேன்னு உள்ள வந்து."

அவர் பொத்தான்களை அவிழ்த்தார். பேனா நழுவி அவள் கையில் விழுந்தது. அதன் ஓரத்தில் கடுகளவு சிவப்பு வெளிச்சம். அவள் அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"என்னது அது?" மாரிசாமி பக்கத்தில் வந்துவிட்டான்.

"பேனா அண்ணே. சீட்டுப் பிடிக்கிறவரு பேனா இல்லாமயா வருவாரு?" அதைச் சட்டையோடு சுருட்டி மரக்கிளையில் செருகிவிட்டு, தன் பருத்தித் துண்டை அவரிடம் நீட்டினாள்.

"அண்ணாச்சி குளிக்கக் கிளம்பின மாதிரியில்ல இருக்காக" என்று மாரிசாமி சிரித்தான்.

ஆர்டர் பேச்சு முடிந்தது. செல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாரிசாமி பைக்கில் திருத்தங்கலுக்குப் போனபின் அவள் சட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே பேனா பத்திரமாக இருந்தது.

"இதுலயும் பேட்டரிதான இருக்கு? பிள்ளைகுட்டிக்காரிக உள்ள உக்காந்திருக்கோம். கொண்டு வரலாமா?"

"அவன்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா அடிப்பான். ஒரு மனுசனை அடிக்கிறதைப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீகளா?"

சபரிநாதன் வண்டியை எடுத்து மெயின் ரோட்டை நெருங்கும்போது பின்னால் ஒரு பெரிய வெடிச்சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது. கருவேலங்காட்டிலிருந்து கொக்குகள் கூட்டமாக எழும்பின. 'இருக்கங்குடி அம்மன் தாயே, அந்தப் பிள்ளைகளைக் காப்பாத்து' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். புகையைத் தேடித் தேடிக் கண் எரிந்தது.

கொட்டகை நின்றுகொண்டிருந்தது. மாடத்தி வாசலுக்கு வந்தாள்.

"கல்குவாரி வெடி அண்ணாச்சி. தெனம் போடுவாக. அதுக்கா இம்புட்டு வேர்வை?"

அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டே பேசினார். "யம்மா, நான் எதுக்கு வந்தேன்னு உனக்குத் தெரிஞ்சிருச்சு. நான் சொல்லத்தான் போறேன். சொல்லாட்டி ஒருநாள் நெசமாவே இங்க வெடிக்கும்."

"சொல்லுங்க. போலீஸ் வந்தா முதல்ல எங்களைத்தான் வண்டியில ஏத்துவாக."

"அதுக்குத்தான் சொல்றேன். இப்பவே வெளிய வந்துருங்க. லைசென்ஸ் உள்ள கம்பெனியில உங்களுக்கு வேலை கேட்டு முதலாளி வாசல்ல நான் நிக்கிறேன். குடுப்பாரான்னு தெரியாது. நிப்பேன்."

அவள் உள்ளே திரும்பி, "ஏ வேல்விழி, எல்லாரும் எந்திரிங்க. தூக்குவாளியை எடுத்துக்கிட்டு மரத்தடிக்குப் போங்க" என்றாள்.

மூன்று பேர் வந்தார்கள். அவள் வரவில்லை.

"பிசைஞ்ச மருந்தைக் குமிச்சு விட்டுட்டு வந்தா உள்ளுக்குள்ள சூடேறித் தானாப் பிடிச்சுக்கிடும். பரப்பி விட்டுட்டு வரேன்."

"தள்ளி வாங்க அண்ணாச்சி" என்று மரத்தடியிலிருந்து வேல்விழி கூப்பிட்டாள். அவர் போகவில்லை. உள்ளே தனியாக இருப்பவளுக்கு வெளியே ஒரு குரலாவது இருக்கட்டும் என்று தோன்றியது. வாசலைப் பார்த்தபடி நின்றார்.

"மாடத்தி, இருக்கியாம்மா?"

"இருக்கேன்."

தகரம் வெயிலில் முறுகும் ஒலி. ஒவ்வொரு ஒலிக்கும் உடம்பு தூக்கிப்போட்டது.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன்."

இன்னொரு தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. உதடு அம்மன் பெயரை முடிக்க முடியாமல் திக்கியது. ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

கதவு திறந்தது. வெள்ளிக் கையோடு அவள் வந்தாள்.

"இப்படிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, மூச்சை அடக்கிக்கிட்டு வேலை பாக்கிறவ எப்படிப் பதில் சொல்றது?" என்றவள், அவர் அழுவதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "வாங்க அண்ணாச்சி. முதலாளி வீட்டுக்கு நாங்களும் வாரோம்."