போய்விட்டு வந்த எண்ணெய்

எங்கள் மலை முன்பு இருந்ததைவிட இப்போது ஒரு முழம் குட்டை. ஒரு காலை நேரத்தில் ஒரு சின்னக் கார் அதன் மேல் ஏறிய வேகத்தில் மலை அமுங்கிவிட்டது. உச்சியிலிருக்கும் வானிலை நிலையத்தார் வாசல் பலகையில் உயரத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. பழைய எண் பெயிண்டுக்கு அடியில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது, முழங்கால் நன்றாக இருப்பவர்கள் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இதை நம்பாதவர் ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரோ அந்தக் காரின் மேலேயே உட்கார்ந்து போனவர்.

மலையடிவாரத்தில் கார்ப் பட்டறை வைத்திருந்தவளை எல்லோரும் ஸ்பானரக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் காது அப்படிப்பட்ட காது. எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை இருமியதைக் கேட்டு, பானெட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்காமலே, "மூணாவது சிலிண்டர்ல சளி" என்றாள். படமெடுத்துப் பார்த்த டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாராம். பட்டறைக்கு ஒட்டுச் சுவரில் அவள் தம்பியின் கடை. அவர் பிளம்பர், ஊருக்கெல்லாம் குழாய் மாமா. மணிக்கட்டில் வெள்ளை டேப்பு உருளையை வளையல் மாதிரிப் போட்டுக்கொண்டு திரிவார். மேலே இருப்பது கீழே வரும், கீழே இருப்பது பம்ப் வைத்தால்தான் மேலே போகும் என்ற ஒன்றைத் தவிர உலகத்தில் வேறு எதையும் அவர் நம்பியதில்லை. தண்ணீரைத் திறந்துவிடும்போதெல்லாம் மாட்டை ஓட்டுவது போல "போ, போ" என்பார். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டுப் போய்விடும்.

ஸ்பானரக்காவுக்கு ஒரே மகள். அவளுக்குப் பட்டறை வேண்டாம், மேகம்தான் வேண்டும். மலையுச்சி நிலையத்தில் மழையையும் காற்றையும் அளக்கும் வேலை கிடைத்ததும் பெட்டியோடு பட்டறை வாசலில் வந்து நின்று, "அம்மா, போயிட்டு வரேன்" என்றாள். கியர்ப்பெட்டிக்குள் கையை விட்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமல், "போ" என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு ஏழு வருடமாக அந்தப் பெண்ணால் வீட்டுக்கு வர முடியவில்லை. வராமல் இருக்கவில்லை, வர முடியவில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் நிலையத்து ஜீப்பில் இறங்கி வருவாள். கடைசி வளைவில், பட்டறையின் தகரக் கூரை தெரிகிற இடத்தில், ஜீப் திரும்பினால் மறுபடியும் மலையுச்சி நிலையத்தின் வாசல். நடந்து இறங்கினாலும் அதே கதை. ஜீப் டிரைவருக்குப் பழகிவிட்டது. அந்த வளைவு வந்தாலே ஹாரன் அடித்து நிலையத்துக் காவலாளியைக் கேட்டைத் திறக்கச் சொல்வான். மூடுபனி என்றார் குழாய் மாமா. வெயில் நாளிலும் அதையே சொன்னார்.

அம்மாவும் மகளும் போனில் பேசிக்கொண்டார்கள், பெரும்பாலும் மழையைப் பற்றி. அப்படி ஒரு நாள் பேசும்போது மகள், தன்னைப் பனிக்கடல் ஓரத்து நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றும், வருகிற வாரக் கடைசியில் ஜீப் மலையின் மறுபக்கமாக இறங்கித் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டுவிடும் என்றும் சொன்னாள். பக்கத்து மலையிலிருந்தே வர முடியாதவள் கடலுக்கு அப்பாலிருந்து எங்கே வருவது? போனை வைத்த கையோடு ஸ்பானரக்கா தன் காரைப் பார்த்தாள். நிலையத்து ஜீப்பில் வெளியாட்களை ஏற்ற மாட்டார்கள்; அவளுடைய முழங்காலுக்குப் பட்டறைப் படியே மலை. காரோ பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி, மன்னிப்புக் கேட்பது போல மெதுவாகப் பின்னோக்கி உருண்டு வந்துவிடும். அன்றைக்கே உடைசல் கடைக்குப் போய், நொறுங்கிக் கிடந்த டீசல் வேனிலிருந்து ஒரு டர்போவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

டர்போ பார்வைக்கு ஒரு இரும்பு நத்தை. எஞ்சின் வேண்டாமென்று வெளியே தள்ளும் புகையை வாங்கி, அந்தப் புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலிருக்கும் இன்னொரு சக்கரத்தால் எஞ்சினுக்குள் காற்றைத் திணித்துவிடும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டு எதன் மீதும் உட்கார்வதில்லை. தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. நியாயமாகப் பார்த்தால் இந்தக் கதையில் யாரும் நம்பக்கூடாத விஷயம் இதுதான். ஆனால் இது ஒன்றுதான் எல்லா ஊரிலும் எல்லா நாளும் நடப்பது. எண்ணெய் நின்றுபோனால் தண்டு வெந்து பிடித்துக்கொள்ளும், பிறகு அதைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் வைத்துக்கொள்ளலாம். ஆகவே எண்ணெய்க் குழாய்தான் உயிர்நாடி. குழாய் என்றதும் தம்பியைக் கூப்பிட்டாள்.

எஞ்சினில் எண்ணெய் அழுத்தத்தைப் பார்க்கும் சுவிட்ச் முடுக்கியிருக்கும் இடத்தைத் திறந்து, அங்கே 'டீ' எனப்படும் T வடிவக் கிளைக்குழாய் ஒன்றை வைத்து, ஒரு கிளையில் சுவிட்சைத் திரும்பப் போட்டாள். இன்னொரு கிளையிலிருந்து கம்பி பின்னிய மெல்லிய குழாயை டர்போவின் தலைக்கு இழுத்தாள். குழாய் முனையைப் பிடிக்கும் போல்ட்டில், முனைக்கு இருபுறமும் புதுச் செம்பு வாஷர். அவள் தலை அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் தம்பி மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றிவிட்டார். பார்த்ததும் பிரித்து எறிந்தாள். "இது உன் பாத்ரூம் இல்லடா. ஒரு துணுக்கு உள்ள போய் ஓட்டைய அடைச்சா, நத்தை அங்கயே செத்துரும்."

"சரிக்கா, கோவிச்சுக்காத. ஆனா உள்ள போறது பென்சில் மொத்தம், வெளிய வர்றது கட்டைவிரல் மொத்தம். எவனாவது இப்படி லைன் இழுப்பானா?"

"உள்ள போறப்ப அழுத்தத்துல விறுவிறுன்னு போகும். வேலையெல்லாம் முடிச்சு, நுரை தள்ளி, அசந்துபோய் வரும். அசந்து வர்றவங்களுக்கு வாசல் பெருசா இருக்கணும்."

"வாசல் எங்க இருக்குன்னு பாத்தியா? மேல இருக்கு! நத்தை கீழ இருக்கு. அசந்து வர்ற உன் எண்ணெய் ஏணி வெச்சா ஏறும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. திரும்பி வரும் எண்ணெய் தானாக வடிந்து எஞ்சினின் அடித்தொட்டியில் விழ வேண்டும். அதற்கு டர்போ உயரத்தில் இருக்க வேண்டும். அந்தச் சின்னக் காருக்குள் நத்தையை வைக்கக் கிடைத்த ஒரே சந்து, தொட்டியின் வாய்க்கும் கீழே இருந்தது. மேலே இழுத்துக் கொடுக்க ஒரு குட்டி பம்ப் உண்டு. ஆனால் அது வந்து சேர மழைக்காலம் முடிந்துவிடும் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். "பாத்துக்கலாம்" என்றாள் ஸ்பானரக்கா. "நானும்தான் பாக்கப் போறேன்" என்ற தம்பி, பழைய கொதிகலனில் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றை ஒரு சாண் அளவுக்கு எடுத்து வந்து, திரும்பும் குழாயின் நடுவில் பொருத்தினார். எண்ணெய் ஏறாததைக் கண்ணால் காட்டத்தான்.

முதன்முதலாக ஓட்டுவதற்கு முன் டர்போவின் தலையில் எண்ணெயைக் கையாலேயே ஊற்றி, சக்கரத்தை விரலால் சுற்றி, உள்ளெல்லாம் நனைத்துவிட வேண்டும். சாவியில் கைவைத்தபடி அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்ததால் தம்பிதான் ஊற்றினார். பழக்கதோஷத்தில், "போ, போ" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். எஞ்சின் பிடித்ததுதான் தாமதம், எண்ணெய் போயே போய்விட்டது. புகைக்குழாய் வழியாக நீலப் புகையாகக் கிளம்பியது. கார் நின்ற இடத்தில் நின்றது, தெருவைத்தான் காணவில்லை. கொடியில் காய்ந்த துணியெல்லாம் நீலமாகி, தெருவே ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நெடுநாள் உடுத்தித் திரிந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு எண்ணெய் மட்டம் காட்டும் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தாள். துடைத்து வைத்தது போல உலர்ந்திருந்தது.

"என்னடா சொல்லி ஊத்தினே?"

"என்னத்த சொல்ல? போன்னு சொன்னேன். வான்னா சொல்லுவாங்க?"

ஸ்பானரக்கா பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டாள். புகை கூரையைத் தாண்டி மலையைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எண்ணெய்க் கையோடு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். "கண்ணு, அன்னைக்கு நான் பாதிதான் சொன்னேன். போயிட்டு" என்றாள், அடுத்த எழுத்தைச் சொல்லும்போது போன் செத்தது. மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் அதே இடத்தில் செத்தது. அந்த ஒரு எழுத்து மட்டும் மலையேறவில்லை. ஆகவே அதைக் காரில்தான் கொண்டுபோக வேண்டும் என்று முடிவாயிற்று.

புது எண்ணெய் வாங்கினாள். இந்த முறை தானே ஊற்றினாள். டர்போவின் தலையில் துளித்துளியாக விட்டு, சக்கரத்தை விரலால் தடவிச் சுற்றி, வெளியூருக்குக் கிளம்பும் பிள்ளையிடம் சொல்வது போல, "போயிட்டு வா" என்றாள். கேட்டுக்கொண்டிருந்த தம்பி சிரித்த சிரிப்பில் சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்கள் ஆடின. விடிந்ததும் கிளம்பினார்கள். காற்றுக்குழாய் துருத்திக்கொண்டிருந்ததால் பானெட்டை மூட முடியவில்லை. அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கண்ணாடிக் குழாய் கண்ணுக்கு நேரே இருக்கும்படி தம்பி மட்கார்டில் ஏறிக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பாதி ஏற்றம் வரை கார் பழையபடிதான் முனகியது. வழக்கமாகப் பின்னோக்கி உருளும் இடம் வந்ததும் அவள் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினாள். நத்தைக்குள்ளிருந்து ஒரு விசில் கிளம்பியது. முதலில் கொசு மாதிரி, பிறகு குயில் மாதிரி, பிறகு மலையே உதட்டைக் குவித்து ஊதுவது மாதிரி. சாலையோர மரங்கள் வழிவிட்டு நின்றன. மைல்கற்கள் தங்கள் எண்ணைத் திருத்திக்கொள்ள நேரமில்லாமல் தடுமாறின. சக்கரம் அழுத்திய அழுத்தில்தான் மலை ஒரு முழம் இறங்கியது. அடிவாரத்து வீடுகளில் பாத்திரங்கள் குலுங்கின. அந்தக் கூத்துக்கு நடுவில் கண்ணாடிக் குழாய்க்குள் எண்ணெய் கீழிருந்து வந்தது. நுரைத்து, பொன்னிறமாக, அவசரப்படாமல், வேலை முடிந்து மாடிப்படி ஏறி வீட்டுக்கு வருகிறவரைப் போல ஏறித் தொட்டிக்குள் போனது. குழாய் மாமா வாயை மூட மறந்ததில் மலைக்காற்றில் பாதி அவருக்குள் போய்விட்டது. உச்சிக்குப் போனபோது இரண்டு சுற்றுப் பெருத்திருந்தார்.

நிலையத்து வாசலில் ஜீப் புறப்படத் தயாராக நின்றது. பெட்டியோடு நின்ற மகள் முதலில் காரைப் பார்த்தாள். "அம்மா, மூடி எங்கம்மா?"

"அதோ, உங்க மாமாதான் மூடி."

ஏறி வந்த டர்போவை உடனே அணைக்கக் கூடாது, சூட்டில் எண்ணெய் கருகிவிடும் என்பதால் எஞ்சினை ஓடவிட்டே இறங்கினாள். ஏழு வருடத்தில் மகளுக்குக் காதோரம் ஒரு நரை விழுந்திருந்தது. அதைத் தொடப் போனவள் கையிலிருந்த கரியைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டாள். மகள் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவர்களுக்குப் பின்னால் எண்ணெய் போவதும் வருவதுமாக இருந்தது.

"போயிட்டு வா" என்றாள் அம்மா, முழுதாக.

"போயிட்டு வரேம்மா."

ஜீப் மலையின் மறுபக்கம் இறங்கியது. கன்னத்தில் கரியோடேயே அவள் கப்பலேறினாள். ஸ்பானரக்காவின் கண்ணீர் மட்டும் கீழ்நோக்கியே வடிந்தது. எல்லாவற்றுக்கும் விதி மாறிவிடவில்லை.

மலை இறங்கிய குழாய் மாமா, ஊதியிருந்த காற்று வெளியேறியதும் பழைய ஆளாகிவிட்டார். "வண்டி சாஞ்சு ஏறுறப்ப கீழ இருக்கிறது மேல மாதிரிதான் தெரியும். மலையாவது அமுங்குறதாவது, எண்ணெயாவது ஏறுறதாவது! அந்தப் பொண்ணு வளைவு தாண்டி இந்தத் தெருவுல நடந்து வரட்டும், அப்ப ஒத்துக்கறேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். பனிக்கடலுக்கு இரண்டு கோடை போய்வந்தது. மூன்றாவது கோடையில் ஒரு மதியம், அவர் பட்டறை வாசல் குழாயை முடுக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வளைவில் ஒரு பெண் பெட்டியோடு திரும்பினாள். வளைவு வளைவாகவே இருந்தது. அதற்குப் பின் தெரு வந்தது, தெருவுக்குப் பின் தகரக் கூரை, கூரைக்குக் கீழே பானெட்டிலிருந்து தலையை வெளியே எடுத்த அம்மா.

வாசலைத் தாண்டும்போது மகள் நின்றாள். "மாமா, பனிக்கடல் மேல ஒரு நீல மேகம் திரும்ப வழி தெரியாம சுத்திக்கிட்டே இருக்கு. நாங்க அளந்து பாத்துட்டோம், எந்த வகையிலயும் சேரல. கிட்டப் போனா நம்ம பட்டறை வாசனை அடிக்குது."

குழாய் மாமா ஸ்பானரைக் கீழே வைத்தார். வளைவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மணிக்கட்டிலிருந்த டேப்பைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏறிச்சு கண்ணு" என்றார். "கண்ணாடிக்குள்ள, கீழ இருந்து மேல. நான் பாத்தேன்."