கேபிளைப் பிடுங்கச் சொன்னேன்

எட்டு மணி சீரியலில் ஒருத்தி தூங்கி எழுந்து வருகிறாள். தலை கலையவில்லை, பட்டுப்புடவை கசங்கவில்லை, கழுத்து நகை ஒன்றுகூடத் திரும்பிக் கிடக்கவில்லை. எழுந்தவள் பல் விளக்கினாளா? இல்லை. நேராகப் போய் அண்ணன் பெண்டாட்டி குடிக்கிற பாலில் விஷத்தைக் கலக்கிறாள். அதைக் கதவிடுக்கில் நின்று மாமியார் பார்க்கிறாள். அந்த மாமியார் முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள், மூன்று தடவையும் இடி இடிக்கிறது. பாலைக் குடித்தாளா என்று தெரிந்துகொள்ளத் திங்கள்கிழமை வரை காத்திருக்க வேண்டுமாம். என்னைக் கேட்டால் அந்தப் பாலை சீரியல் எடுத்தவனுக்கே கொடுத்திருப்பேன்.

சினிமா மட்டும் என்ன வாழ்ந்தது? படத்துக்குப் படம் எங்கள் முஸ்லிம் ஆள் ஒருவர் வருவார். கசாப்புக் கத்தியோடு வருவார், இல்லாவிட்டால் வெடிகுண்டோடு வருவார். இரண்டும் இல்லையென்றால் கதாநாயகனின் உயிர்த்தோழனாக வந்து இடைவேளைக்குள் அவனுக்காகச் செத்துப்போவார். வாயைத் திறந்தால் 'நம்பள்கி நிம்பள்கி' என்பார். நான் பிறந்து நாற்பத்திரண்டு வருஷத்தில் எங்கள் ஊரில் ஒருத்தர் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. மீன்காரரைத் திட்டும்போதுகூட நல்ல தமிழில்தான் திட்டுவோம். அப்புறம் கதாநாயகன் வெளிநாடு போவான். ஒரே பாட்டு. பாட்டு முடிவதற்குள் கோட்டு சூட்டோடு பெரிய காரில் வந்து இறங்கிவிடுவான். என் வீட்டுக்காரர் நெய்னா முகம்மது ஷார்ஜா போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. பாட்டு இன்னும் முடியவில்லை.

இத்தனை திட்டுகிறவள் ஏன் பார்க்கிறாய் என்று கேட்பீர்கள். பார்க்காமல் என்ன செய்வது? இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவில் வருவார். ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடப் பெரிய டிவியாகக் கொண்டுவருவார். ஆள் போய்விடுவார், டிவி இருக்கும்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரம். இங்கே இருக்கிற ஒரு வழக்கம் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. எங்களில் பெண் புருஷன் வீட்டுக்குப் போகமாட்டாள். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்போம், மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார். நான் இருக்கும் இந்த வீடு என் உம்மா எனக்குக் கொடுத்தது. பக்கத்து மனையில் நிற்கும் மாடி வீடு என் ஒரே மகள் தஹ்மீனாவுக்கு. அந்த வீட்டுக்காகத்தான் அவள் கைக்குழந்தையாக இருந்தபோது என் மச்சான் கடல் தாண்டிச் சபர் போனார்; புருஷனை நாங்கள் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊரில் மாமியார் மருமகளைக் கொடுமைப்படுத்த வேண்டுமென்றால் வெயிலில் இரண்டு தெரு நடந்து வர வேண்டும். சீரியல்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

மாப்பிள்ளை ஜாஹித். மூன்றாம் தெரு ஹாஃபிஸா லாத்தாவின் மகன். மூத்த பெண்களை இங்கே அக்கா என்பதில்லை, லாத்தா என்போம். மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று பேசி முடித்தாயிற்று. புது வீட்டில் கடைசிப் பூச்சு நடந்துகொண்டிருந்தது.

போன வாரம் ஒரு மத்தியானம். முந்தின நாள் சீரியலை மறுபடியும் போட்டிருந்தார்கள், நானும் மறுபடியும் திட்டிக்கொண்டிருந்தேன். இறால் உரித்துக்கொண்டிருந்த தஹ்மீனா தலை நிமிராமல் சொன்னாள்.

"உம்மா, நிக்காஹ் முடிஞ்சதும் நான் அவரோட மெட்ராஸ் போயிடுறேன். வாடகைக்கு வீடு பாத்துட்டாரு. புது வீட்டுல நான் இருக்க மாட்டேன்."

இவளுக்கும் அவனுக்கும் போனில் பேச்சு ஓடுகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதைக்கூட விட்டுவிட்டேன். வீடு வேண்டாமா? பத்தொன்பது வருஷமாக ஒரு மனுஷன் பாலைவனத்தில் மளிகைக் கடைக் கல்லாவில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோய்க் கட்டின வீடு வேண்டாமா?

"யாருடி இதெல்லாம் சொல்லிக் குடுத்தது? இந்தச் சனியன்தானே?" என்று டிவியைக் காட்டிக் கத்தினேன்.

வேறு எங்கே பார்த்திருப்பாள்? பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷன் பின்னால் போவதும், தாய்க்காரி வாசலில் நின்று கண்ணைத் துடைப்பதும் எங்கள் தெருவில் நடந்ததே இல்லை. உடனே கேபிள்காரர் வீரையனைக் கூப்பிட்டேன்.

"ஒயரைப் புடுங்குங்க, வீரையன்."

"படம் சரியாத் தெரியலயா, அக்கா?"

"ரொம்ப நல்லாத் தெரியுது. அதான் புடுங்குங்கங்கிறேன்."

வீரையன் ஏணியைச் சாத்தி ஏறி, ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார். தஹ்மீனா இறாலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ஹாஃபிஸா லாத்தா வந்துவிட்டாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"என் மகனுக்கு என்ன கொறை, கமருன்னிஸா? ஊர்ல எல்லாப் புள்ளையும் பொண்டாட்டி வீட்டுல கால் நீட்டிப் படுக்குறான். என் புள்ள மட்டும் வாடகை வீட்டுல கெடக்கணுமா?"

"உங்க மகன்தானே லாத்தா வீடு பாத்தது?"

"ஒம் மக தூண்டிவிட்டிருப்பா. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? ஹாஃபிஸா மகனுக்குப் பொண்ணு வீட்டுல கதவைத் தொறக்கலன்னு சொல்லும்."

"என்னைச் சொல்லாதா? மகளுக்கு ஒரு வீடு குடுக்க வக்கில்லாம அனுப்பிட்டான்னு என்னைச் சொல்லாதா?"

கால் மணி நேரம் இப்படியே போனது. அவள் என் வளர்ப்பைச் சொன்னாள், நான் அவள் வளர்ப்பைச் சொன்னேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அப்போதுதான் லாத்தா நாற்காலியில் விழுந்து, "எல்லாம் இந்தச் சீரியல் பண்ற வேலை" என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டோம். ஒன்பது மணி நாடகத்தில் தாலியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறவளை லாத்தா கிழித்தாள். எட்டரை மணி நாடகத்தில் ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தும் உதட்டுச் சாயம் கலையாதவளை நான் கிழித்தேன். திட்டுவதில் அவள் எனக்குக் கொஞ்சமும் சளைத்தவள் இல்லை.

தஹ்மீனா டீயும் இறால் வைத்துச் சுட்ட வாடாவும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

"சீரியலை ஏன் மாமி திட்டுறீங்க? விஷம் வெக்கிறதயும் அழுவறதயுமா நான் பாக்குறேன்? சாயங்காலம் ஆனா அதுல புருஷன் வீட்டுக்கு வர்றான். சட்டையக் கழட்டி மாட்டுறான். பசிக்குதுங்கிறான். நான் அதத்தான் பாக்குறேன். இந்தத் தெருவுல அப்படி யாரு வர்றா?"

"வாயை மூடுடி."

"வாப்பா ஒம்பது தடவ லீவுல வந்திருக்காங்க, உம்மா. எல்லாத்தயும் சேத்தா ஒரு வருஷமும் நாப்பது நாளும். அவங்க சபர் போனதுக்கப்புறம் நீங்க அவங்களோட வாழ்ந்தது அவ்வளவுதான். நான் இந்த வீட்டுல இருந்தா, அவரு லீவு கெடைக்கும்போது விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போவாரு. எனக்கு அது வேணாம்."

அறைய எழுந்தேன். என் கையை லாத்தா பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடவும் இல்லை. அவள் புருஷன் புருனேயில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். சர்க்கரை வியாதியோடு ஊர் திரும்பி நாலாம் மாதமே மௌத்தாகிவிட்டார். அந்த நாலு மாதமும் அவருக்கு டீயில் எவ்வளவு சீனி போடுவது என்று தெரியாமல் பக்கத்து வீட்டில் கேட்டாள் என்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

லாத்தா டீயைக் குடித்து முடித்தாள். "நான் வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. நெய்னாகிட்ட நீயே பேசு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மச்சான் போன் செய்தார். நான் சீரியலிலிருந்து ஆரம்பித்தேன். சீரியலைத் திட்டி, மகளைத் திட்டி, மருமகனாக வரப்போகிறவனைத் திட்டி, திட்ட ஆள் தீர்ந்த பிறகு அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வருஷமும் நாற்பது நாளும் என்பதையும் சொன்னேன். கடைசியில், "அவ போகட்டும் மச்சான். அவளாவது போய் வாழட்டும்" என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது.

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் அரிசி விலை கேட்கும் சத்தம் கேட்டது.

"மாடியில டைல்ஸ் போட்டாச்சா?" என்று கேட்டார் மச்சான்.

"போட்டாச்சு."

"அப்ப நான் யாருக்காக இங்க கெடந்தேன், கமரு?"

எனக்குத் திட்டுத்தான் வரும், அழுகை வராது. அன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்தது. "என்னைக் கேட்டா போனீங்க? இருந்தது போதும், வந்துருங்க. அந்த வீட்டுல நாம இருப்போம்" என்று கத்தினேன்.

"வந்து நான் என்ன பண்றது? எனக்கு அங்க யாரத் தெரியும்?"

"என்னைத் தெரியும்ல?"

மனுஷன் பொய் பேசத் தெரியாதவர்.

"கொஞ்சம் தெரியும்" என்றார்.

"அது போதும், வாங்க" என்றேன். அதையும் கோபமாகத்தான் சொன்னேன்.