லச்சா மீட்கும் பக்ரீத்

அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரியாவிட்டால் ஷஹீன் பானுவுக்குச் சோறு இறங்காது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைக்கிற வேலை. கை மிஷினில் இருக்கும், காது லைன் முழுக்கச் சுற்றிவரும். அப்பேர்ப்பட்டவள் இந்த பக்ரீத்துக்குத் தன் வீட்டு விஷயம் வெளியே தெரியக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் எதிர்வீட்டு அன்வரி பேகம், பக்ரீத்துக்கு ஆடு அறுத்துப் பங்கிடும் குர்பானிக் கறி கொடுத்தபோது, பதிலுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் ஷஹீன் கூசிப்போனாள். அந்தக் கூச்சத்தில் போன வருஷம் ஆடு வாங்க லச்சாவை அடகு வைத்தாள். கல்யாணத்தன்று கழுத்தில் ஏறிய கருகமணி அது. இந்த மாதத்துக்குள் மீட்காவிட்டால் ஏலம். டீயை விட்டு, பஸ்ஸை விட்டு நடந்து, அதை மீட்கப் பதினாலாயிரம் சேர்த்துவிட்டாள். பாழாய்ப்போன ஆடும் அதே விலை.

"கடன் இருக்கறவங்களுக்குக் குர்பானி கடமை இல்லன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொன்னாரு," என்றாள் கணவன் முஜாஹிதிடம்.

"அவரு சொல்வாரு. தெருவுல இன்னா சொல்வாங்க?"

கடைசியில், குர்பானி வாணியம்பாடியில் அண்ணன் வீட்டில் என்று சொல்லிக்கொள்வதாக முடிவானது. "ஒருத்தன் கேலி பண்ணாலும் நாளைக்கே ஆடு வாங்கிடுவேன். குர்பானி குடுக்க மூணு நாள் டைம் இருக்கு," என்றான் அவன்.

பெருநாள் காலை, தோல் பதனிடும் டேனரி முதலாளி அப்துல் வஹாப் வீட்டிலிருந்து ஒரு பை கறி வந்தது. ஷஹீனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது உண்மை. ஆனால் தன் வீட்டிலிருந்து கறி போகாவிட்டால் பொய் பல்லிளித்துவிடுமே! கம்பெனி நீல நைலான் நூலால், பண்டல் கட்டுகிற தன் இரட்டை முடிச்சைப் போட்டுப் பையை இறுக்கினாள். "எங்க குர்பானி, ஆபா," என்று அன்வரி பேகத்திடம் நீட்டிவிட்டு வந்து உருளைக்கிழங்கை நறுக்கினாள்.

பதினொரு மணிக்குக் கோடி வீட்டு புஷ்ரா வந்தாள். "எங்க வீட்டுக் கறி," என்று கொடுத்துப் போன பையில் நீல நூல். அதே இரட்டை முடிச்சு. யாரும் பிரிக்கவே இல்லை.

ஷஹீன் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு விஷயத்தைத் தெரிந்துகொள்ளும் அரிப்பு எடுத்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு புஷ்ராவின் பின்னாலேயே ஓடினாள்.

"உங்க குர்பானி எங்க புஷ்ரா?"

"ஒடுகத்தூர்ல, மச்சான் வீட்ல."

"காலைல உனக்கு யார் கறி குடுத்தாங்க?"

"பக்கத்து வீட்டு மெஹக்."

மெஹக் வீட்டிலும் போய் அதையே கேட்டாள். மெஹக்கின் குர்பானி திருப்பத்தூரில், அக்கா வீட்டில். மெஹக்குக்குக் கறி கொடுத்தது அன்வரி பேகம். ஷஹீன் தெருவைப் பார்த்தாள். தானமாகக் கொடுக்கும் ஆட்டுத்தோலை வாங்க வந்த மதரஸா ஆட்டோ எல்லா வீட்டு வாசலிலும் நின்று பார்த்துவிட்டு, அப்துல் வஹாப் வீட்டுத் தோல் ஒன்றோடு திரும்பிக்கொண்டிருந்தது.

முஜாஹித் முகம் கடுகடுவென்று எதிரே வந்தான். "வாணியம்பாடி ஆட்டுக்கு எத்தன காலுன்னு தோஸ்த் கேக்கறான். ஆட்டுக்காரனுக்குப் போன் பண்ணிட்டேன். பணத்த எடு."

பணத்தைக் கொடுத்தால் ஷஹீனின் லச்சா போய்விடும். "தரேன். ஒரு வீடு பாக்கி இருக்கு, கூட வாங்க," என்று அன்வரி பேகத்தின் வாசலுக்கு நடந்தாள்.

"ஆபா, காலைல நான் பொய் சொல்லிட்டேன். எங்க வீட்ல குர்பானி இல்ல. லச்சா அடகுல இருக்கு, அத மீட்கணும்."

அன்வரி பேகம் பையையும் முடிச்சையும் பார்த்தாள். முகம் தொங்கிவிட்டது.

"எனக்கும் இல்லடி. மூணு வருஷமா இல்ல."

"அப்போ ரெண்டு வருஷம் முன்னாடி எனக்குக் குடுத்தீங்களே?"

"அது அப்துல் வஹாப் பாய் வீட்டுக் கறி."

ஷஹீனுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இல்லாத ஓர் ஆட்டுக்குப் பதில் சொல்ல ஒரு வருஷம் வட்டி கட்டியிருக்கிறாள். அன்வரி பேகத்தைத் திட்ட வாயெடுத்தவள், காலையில் தானும் அதையே செய்ததை நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

பின்னால் நின்ற முஜாஹித் போனை எடுத்தான்.

"பாய், ஆடு வேணாம். எங்களுக்குக் கடன் இருக்கு," என்றான், தெரு முழுக்கக் கேட்கும்படி.